இருட்டில் உண்மையிலேயே தூங்குமா இந்த மருந்து?

ஒளி பட்டால் விழித்துப் புற்றைக் கொல்லும் உலோக மருந்து பற்றிச் சென்ற மாதம் நான்கு வரிச் செய்தி ஒன்றைப் போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. “இது ரேடியோதெரபிதானே?” என்கிறார் சுங்கை சிப்புட் வாசகர். “அம்மாவின் கீமோவை நிறுத்திவிடலாமா?” என்று கேட்கிறார் பீடோரிலிருந்து ஒரு மகள். மூன்று பேர் எழுதியிருப்பது இன்னும் கவலை தருகிறது. ‘உலோக ஒளிச் சிகிச்சை’க்கு மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால்தான் இடம் என்று ஒரு நிலையம் அவர்களிடம் சொல்லியிருக்கிறதாம்.

மாத இறுதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: பணம் கட்டாதீர்கள். கீமோ என்றால் என்ன, கட்டி எப்படிப் பரவும் என்பதெல்லாம் நம் வீடுகளுக்குத் தெரிந்த கதை. அவற்றைத் தாண்டி, விற்பவர்கள் விளக்காமல் விடும் ஒரே இடத்துக்குப் போகிறேன்.

சாயம் ஒன்று ஒளியை விழுங்கியதும் அதன் எலக்ட்ரான் மேலே தாவும். சாதாரணச் சாயத்தில் அது நூறு கோடியில் சில பங்கு வினாடிக்குள் கீழே இறங்கிவிடும். விழுங்கிய ஒளி வெப்பமாகவோ மினுக்கமாகவோ வீணாகும். சாயத்தின் நடுவில் ருத்தேனியம் போன்ற கனமான உலோகம் இருந்தால் கதை மாறுகிறது. மேலே போன எலக்ட்ரானின் சுழற்சியை அது திருப்பிவிடுகிறது. அப்படித் திரும்பிய எலக்ட்ரானால் உடனே இறங்க முடியாது. ஆயிரம் மடங்குக்கும் மேலான நேரம் மேலேயே காத்து நிற்கும். பால்மரத்தில் வெட்டிய பட்டையில் வழியும் பாலை மங்குக் கிண்ணம் பிடித்து வைப்பதுபோல, உலோகம் ஒளியைப் பிடித்து வைக்கிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து மோதும் ஆக்சிஜன் அந்தச் சக்தியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய ஆக்சிஜன் வெறிகொண்டதுபோல் உயிரணுவின் சவ்வையும் புரதத்தையும் கிழிக்கும். ஆனால் ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூடத் தாண்டாமல் அடங்கிவிடும். விளக்கு பட்ட இடம் சாகும், படாத இடம் பிழைக்கும். இந்த மருந்துகளின் சாமர்த்தியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. சக்திக்குப் பதிலாக எலக்ட்ரானையே ஆக்சிஜனிடம் கொடுத்து, அதை நச்சாக்குவது. பால்மர இலையின் பச்சையத்தில் நடுவே மக்னீசியம் அணு இருக்கிறது. ஒளியில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் பச்சையத்தை எடுத்து, மக்னீசியம் இருந்த இடத்தில் பல்லேடியத்தை வைத்தார்கள் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த அவிக்டோர் ஷெர்ஸும் யோராம் சாலமோனும். பாடெலிபோர்ஃபின் என்ற அந்த மருந்து பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில்தான் வேலை செய்கிறது. கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களை அடைத்துவிடுகிறது.

இந்த இரண்டாம் வழியின் வேலையைத் தோட்டத்தில் மருந்தடித்த பெண்கள் கண்ணால் பார்த்தவர்கள். பாராகுவாட் களைக்கொல்லி தெளித்த சில மணி நேரத்தில், வெயில் ஏற ஏற, லாலான் புல் வாடிக் கருகும். ஒளி பட்ட இலையிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுப்பதுதான் பாராகுவாட்டின் தொழில். அதில் உலோகம் கிடையாது. ஆனால் ஒளி, எலக்ட்ரான், ஆக்சிஜன் என்ற கணக்கு அதேதான்.

அந்தப் பாராகுவாட்டுக்கு மனித நுரையீரலில் வெயில் தேவைப்படவில்லை. உடலே கொடுக்கும் எலக்ட்ரானை வைத்து அது இருட்டிலும் வேலை செய்தது. முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று பல ஆண்டுகள் நமக்குச் சொல்லப்பட்டது. மலேசியாவில் 2002இல் அதைத் தடைசெய்ய எடுத்த முடிவு 2006இல் தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்துத் தோம்பைத் தோளில் சுமந்தவர்கள் நம் அம்மாக்களும் அக்காக்களும்.

ஆகவே “ஒளி படாதவரை தீங்கற்றது” என்று யார் சொன்னாலும் பேராக்காரர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இருட்டில் அது உண்மையிலேயே தூங்குகிறதா? ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். உயிரணுக்களில் பாதியைக் கொல்ல இருட்டில் எவ்வளவு மருந்து தேவை, ஒளியில் எவ்வளவு தேவை என்பதன் விகிதம் அது. ஆயிரம், பத்தாயிரம் என்று அறிக்கைகளில் பெருமையாக வரும். அந்த எண் ஆய்வகத் தட்டில் எடுத்தது. தட்டில் கல்லீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை, மருந்து பல நாள் தங்கும் தோலும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு நேர்மையான பதிலைக் கனடாவின் ஒரு சோதனையில் பார்க்கிறேன். வேதியியலாளர் ஷெர்ரி மெக்ஃபார்லண்ட் உருவாக்கிய டிஎல்டி-1433 என்ற ருத்தேனிய மருந்தின் வால், துலுக்கச் சாமந்தியின் வேரில் இருக்கும் ஒளி நச்சின் அதே வடிவம். அதை இரத்தத்தில் ஏற்றுவதில்லை. குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, ஒரு மணி நேரம் வைத்து, கழுவி எடுத்துவிட்டு, உள்ளே பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். பச்சை ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். சிறுநீர்ப்பையின் உள்தோலில் இருக்கும் புற்றுக்கு அது போதும். அடியில் உள்ள தசைக்கு அதுவே காப்பு. இரண்டாம் கட்டச் சோதனை 2019இல் தொடங்கியது. இதை எழுதும் வரை, உலகில் எங்கும் ருத்தேனியப் புற்றுநோய் மருந்து எதுவும் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெறவில்லை.

பல்லேடியம் மருந்து ஒப்புதல் பெற்றது. 2017இல், ஐரோப்பாவில், ஆபத்துக் குறைந்த புரோஸ்டேட் புற்றுக்கு மட்டும். 413 ஆண்களிடம் நடந்த சோதனையில் இரண்டு ஆண்டில் நோய் முற்றியது சிகிச்சை பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கு. கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 58 விழுக்காட்டினருக்கு. நல்ல எண்தான். ஆனால் பலருக்குக் கண்காணிப்பே போதும் என்ற நோய்க்குத்தான் அந்த எண். 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 13க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. ‘ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது’ என்று துண்டறிக்கையில் அச்சடிப்பவர்கள் இந்த மறுபாதியை அச்சடிப்பதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ரேடியோதெரபியா? இல்லை. இங்கே எக்ஸ்ரே கிடையாது, வெறும் ஒளி.

எந்தப் புற்றுக்கும் ஆகுமா? ஆகாது. ஒளி எட்டும் இடத்துக்குத்தான். லாலானின் மேல்புல் கருகினாலும் மண்ணுக்கடியில் கிழங்கு துளிர்ப்பதுபோல, பரவிவிட்ட புற்று பிழைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் வறண்ட கட்டியின் நடுப்பகுதியிலும் தடுமாற்றம்தான்.

மஞ்சள் சாப்பிட்டால் போதுமா? போதாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்கரவர்த்தி குழுவினர் மஞ்சளின் குர்குமினை வனேடியத்தோடு கட்டி ஒளியில் சோதித்தது ஆய்வக உயிரணுக்களில்.

கிந்தா பள்ளத்தாக்கு வெள்ளீயம் இதற்கு உதவுமா? வெள்ளீய அணுவை நடுவில் வைத்த மருந்து ஒன்று 1990களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்குச் சோதிக்கப்பட்டது. சந்தைக்கு வரவே இல்லை.

வெயிலில் நடமாடலாமா? மருந்தைப் பொறுத்தது. உலோகமில்லாத பழைய போட்டோஃப்ரின் ஏற்றியவர்களே குறைந்தது 30 நாள் வெயிலில் படக்கூடாது.

கீமோவை நிறுத்தலாமா? கூடாது.

முன்பணம் கேட்பவர்களிடம் மருந்தின் பெயரையும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பட்டியலில் அதைச் சரிபார்க்கலாம். சோதனை மருந்து என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். முறையான சோதனையில் நோயாளியிடம் மருந்துக்குக் காசு வாங்கமாட்டார்கள். புற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. துண்டறிக்கை உங்கள் கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சுகாதாரத் துறையிடம் கொடுங்கள்.

அந்த நிலையம் சொன்ன மாத இறுதி உங்கள் கெடு அல்ல. மருத்துவமனை அட்டையில் எழுதியிருக்கும் அடுத்த கீமோ தேதிதான் உங்கள் கெடு. அதைத் தவறவிடாதீர்கள்.