நமது நாணயத்தைப் பற்றிய ஏடு

விவசாயிகளின் கடன் சுமையைக் குறித்துச் சென்னை அரசாங்கத்துக்கு 1895, 1897ஆம் ஆண்டுகளில் அறிக்கை அளித்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் ராய்ஃபைசன் சங்கங்களைப் போன்றவை இங்கும் தோன்ற வேண்டும் என வற்புறுத்தினார். அச்சங்கங்களின் அடிப்படை எளியது. ஒரே ஊரார் ஒருவரையொருவர் அறிவர். எவர் சொன்ன வாய்தாவில் கட்டுவார், எவர் இழுத்தடிப்பார் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். அந்த அறிவே ஈடாக நின்றது. ஓர் அங்கத்தினரைப் பற்றித் தவறான பேச்சு எழுந்தால், அவர் சபையில் எழுந்து மறுக்க வழியும் இருந்தது.

இன்று அந்த அறிவு ஊரை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டது. பாங்குகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கடன் பெற்றோரின் பற்று வரவைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அவற்றுள் முதலாவதான சிபில் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் பாங்கின் அனுமதி பெற்று இயங்குகின்றன. அவை நம் கடன் வரலாற்றை அறிக்கையாகத் தொகுத்து, 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் இடுகின்றன. மக்கள் வழக்கில் இதற்கு ‘சிபில் ஸ்கோர்’ என்று பெயர்.

நம் அங்கத்தினர் ஒருவர் புதுத் தறிக்குக் கடன் வேண்டிப் பாங்குக்குச் செல்வதாகக் கொள்வோம். ‘உங்கள் அறிக்கையில் பாக்கி காட்டுகிறது’ என்று திருப்பி அனுப்பி விடுகிறார்கள். அவரோ மூன்றாண்டுகளுக்கு முன்பே நகைக்கடனைத் தீர்த்து, நகையையும் மீட்டுக்கொண்டவர். தீபாவளி நெருங்குகிறது; நூல் வாங்க வேண்டும். அடுத்து அவர் ஏறும் படி வட்டிக்கடைக்காரருடையதாகவே இருக்கும். யாரோ எழுதத் தவறிய ஒரு வரிக்காக, அவர் மாதந்தோறும் கூடுதல் வட்டி கட்ட நேரிடுகிறது.

இத்தகைய பிழைகள் பல வழிகளில் நேரலாம். தீர்ந்த கடனைத் தீர்ந்ததாகத் தெரிவிக்காமல் விடுவது ஒன்று. நம்மவரின் பெயரமைப்பும் ஒரு காரணம். முன்னெழுத்தை ஓரிடத்தில் விரித்தும், ஓரிடத்தில் சுருக்கியும், ஓரிடத்தில் தகப்பனார் பெயரையே குடும்பப் பெயராக்கியும் எழுதுகிறோம். ஒரே தெருவில் ஒரே பெயருள்ளவர் மூவர் இருந்தால், ஒருவர் பாக்கி மற்றொருவர் கணக்கில் ஏறுவது அதிசயமன்று. நாம் கொடுத்த அடையாள நகலைக் கொண்டு, நாம் அறியாமலே நம் பெயரில் கடன் எடுக்கப்படுவதும் உண்டு.

இதற்குச் சட்டம் பரிகாரம் வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, கடனுக்கு மனுச் செய்தவர், பாங்கு தம்மைப் பற்றிப் பெற்ற தகவலின் நகலை அப்பாங்கினிடமே கேட்கலாம்; பிழையைத் திருத்துமாறும் கோரலாம். திருத்துவதற்கு 30 நாள் கெடு. மேலும், 2017ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் கேட்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண்ணுடன் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நிறுவனங்கள் நான்காதலால் ஆண்டில் நான்கு முறை காசின்றிப் பார்க்கலாம். சங்கத்துப் பாஸ் புத்தகத்தைப் பேரேட்டுடன் ஒத்துப் பார்க்கும் நம் அங்கத்தினர், இந்த ஏட்டை மட்டும் பாராமல் விடுவானேன்?

பிழை கண்டால் யாருக்கு எழுதுவது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். தகவலை அனுப்பிய பாங்கு உறுதி செய்தாலன்றி, தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்ற இயலாது. ஆகவே இருவருக்கும் எழுதுவதே உத்தமம். ‘மதிப்பெண்ணை உயர்த்துக’ என்று கேட்பதில் பயனில்லை. இன்ன கடன், இன்ன தேதியில் தீர்ந்தது, இதோ ரசீது என்று பதிவைச் சுட்டியே எழுத வேண்டும். பாங்குக்கு 21 நாள். மிகுதி நாள்களுக்குள் தகவல் நிறுவனம் முடித்தாக வேண்டும். 30 நாள் கடந்தால், தாமதித்தவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் பாங்கு கட்டளையிட்டது; 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. தொகை சிறிதுதான். ஆயினும் மனுவை மேஜையிலேயே உறங்கவிடும் வழக்கத்துக்கு அது நல்ல மருந்து. அப்படியும் தீராவிடில், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2022 செப்டம்பரில் கடன் தகவல் நிறுவனங்களும் அவரது வரம்பினுள் கொண்டுவரப்பட்டன.

ஆனால் உண்மையான பாக்கியை எவரும் அழிக்க முடியாது. பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகக் கூறும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம். ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து சமரசமாக முடித்த கடன் ‘சமரசத் தீர்வு’ என்றே பதிவாகும், அது பிழையன்று.

பிறருக்கு ஜாமீன் நின்றவர்கள் தங்கள் அறிக்கையைப் பார்ப்பது மிகவும் அவசியம். மைத்துனர் வாங்கிய கடன் ஜாமீன்தாரரின் ஏட்டிலும் இடம்பெறும். அவர் தவணை தவறினால் இவருக்கும் இடையூறு. நம் அறிக்கையை ஒரு பாங்கு எடுத்துப் பார்க்கும்போது கைபேசிக்குத் தகவல் அனுப்பவும் ரிசர்வ் பாங்கு ஆணையிட்டுள்ளது. பாங்கில் பதிந்த எண் பழையதாயிருந்தால் அத்தகவல் நம்மை வந்து சேராது. அடுத்த முறை பாங்குக்குச் செல்கையில் அதை மாற்றிக்கொள்க.