எலும்பில் பட்ட கத்தி: கீழடியும் உணவின் அரசியலும்

சங்கப் பாடல்களில் ஊன்சோறு உண்டு, கள் உண்டு. ஆனாலும் ‘தமிழர் பண்பாடு’ என்று மேடையில் பேச ஆரம்பித்ததும் இலை போட்டுப் பருப்பும் நெய்யும் பரிமாறத் தொடங்கிவிடுகிறோம். பிரதி இருக்கிறது, வாசிப்பு அதை மறைத்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் தொல்லியல் கவனம் கொள்ளும் இன்னொரு பிரதி முக்கியமாகிறது: குப்பையில் எறியப்பட்ட எலும்பு. அதிலுள்ள கீறல் யாரையும் நம்பவைப்பதற்காக எழுதப்பட்டதல்ல. கறி அரிந்தவர் கத்தி எலும்பில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதை எப்படி வாசிப்பது? ராயகிரியில் கறிக்கடையில் நின்று பார்த்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். தோலுரிக்கும்போது கத்தி படுவது குளம்புக்கு மேலேயும் தலைப்பகுதியிலும். மூட்டைப் பிரிக்கும்போது மூட்டின் விளிம்பில். சதையை வழிக்கும்போது நீளெலும்பின் நடுப்பகுதியில். நல்லியை உடைத்தால் அடி விழுந்த குழி தெரியும். ஆக, தழும்பு இருக்கும் இடமே செய்த வேலையைச் சொல்லிவிடுகிறது. மீதிப் பாடம் நுண்ணோக்கியில். கத்திக் கீறல் ஒடுங்கி, அடி கூர்மையாக இருக்கும். கல்லாயுதம் என்றால் அதற்குள்ளே மெல்லிய இணைகோடுகள் ஓடும். விலங்கின் பல் பதிந்த இடம் அகன்று, அடி உருண்டிருக்கும். வேர் அரித்ததும் மந்தை மிதித்ததும் வேறு.

இந்த வாசிப்பு பெரிய கதையாடல்களையே அசைத்திருக்கிறது. தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கிடைத்த, சுமார் 18 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள எலும்புகளில் கல்லாயுதக் கீறல்கள் இருப்பதை 1981இல் ஹென்றி பன் ஒருபுறமும், ரிச்சர்ட் பாட்ஸும் பாட் ஷிப்மனும் இன்னொரு புறமும் வெளியிட்டார்கள். ஆதிமனிதன் இறைச்சி தின்றான் என்பது உறுதியாயிற்று. ஆனால் வேட்டையாடித் தின்றானா? சிங்கமும் கழுதைப்புலியும் தின்ற மிச்சத்தைப் பொறுக்கினான் என்றார் லூயிஸ் பின்ஃபோர்ட். ‘மனிதன் என்னும் வீர வேட்டைக்காரன்’ என்கிற ஆண்மையக் கதைக்கு விழுந்த அடி அது. பல் தடத்தின் மேல் கத்திக் கீறல் இருந்தால் மிருகம் முந்திக்கொண்டது; கீறலின் மேல் பல் தடம் இருந்தால் மனிதன் முந்திக்கொண்டான். சதைப்பற்று மிகுந்த எலும்புகளில் கீறல் விழுந்திருந்தால், சதை இருக்கும்போதே மனிதன் வந்துவிட்டான். வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

நம் பக்கம் அவ்வளவு பழைய எலும்பு தங்குவதில்லை. அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள கல்லாயுதங்கள் கிடைத்தன. அவற்றால் அறுத்த விலங்குகளின் கதையைச் சொல்ல அந்த மண் எலும்பை விட்டுவைக்கவில்லை. ஆகவே காலத்தில் வெகுதூரம் இறங்கிவந்து கீழடியில்தான் இதே முறையைப் பொருத்திப் பார்க்க முடிகிறது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைப்படி, 70 எலும்பு மாதிரிகள் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. காளை, எருமை, செம்மறி, வெள்ளாடு, மான்வகைகள், காட்டுப்பன்றி, மயில் என அடையாளம் கண்டார்கள். காளை, எருமை, ஆடு இவற்றின் எலும்புகளே 53 விழுக்காடு. மான்வகை, வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகள் சிலவற்றில் வெட்டுத் தழும்புகள். ஆகவே இவை உணவு. மாடும் எருமையுமோ வேளாண்மைக்கு.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். ‘கீழடியில மாட்டுக்கறி தின்னாங்க, எலும்பே சாட்சி’ என்று நம் தோழர்கள் சொல்கிறார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ‘தழும்பு இல்லை, ஆகவே தின்னல’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதுவும் செல்லாது. சதை குழைய வேகவைத்தால் கத்தியே படாமல் எலும்பு கழன்றுவரும். கைதேர்ந்தவர் வெட்டினாலும் தழும்பு குறையும். 70 மாதிரி என்பது ஒரு நகரத்தின் அடுப்பங்கரை ஆகாது. உழுத மாட்டைக் கடைசியில் தின்னவே மாட்டார்கள் என்பது எலும்பு சொன்ன முடிவல்ல, வாசிப்பவர் கொண்டுவந்த முடிவு. தழும்பு இருந்தால் வெட்டினார்கள் என்று அறியலாம்; இல்லாமையிலிருந்து விலக்கைக் கட்டமைக்க முடியாது.

எலும்பு பேசாத இடத்தில் பானை பேசுகிறது. வடமேற்கு இந்தியாவின் சிந்துவெளிக் குடியிருப்புகளில் கிடைத்த மட்கலங்களில் படிந்த கொழுப்பை ஆராய்ந்து அக்ஷயேதா சூர்யநாராயண் குழுவினர் 2020இல் வெளியிட்ட கட்டுரை, மாடு, எருமை, ஆடு, பன்றி இறைச்சியின் தடயங்களைக் காட்டியது. வைகைக்கரைப் பானைகளிடமும் விரிவாக இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அம்பேத்கர் 1948இல் மாட்டிறைச்சியையும் தீண்டாமையின் தோற்றத்தையும் இணைத்து வாதிட்டபோது அவர் கையிலிருந்தவை பெரும்பாலும் வேத, ஸ்மிருதிப் பிரதிகள். ஒடுக்கியவர்களின் எழுத்தையே அவர்களுக்கு எதிராக வாசித்தார். எழுதாதவர்களின் தடயம் இப்போது மண்ணிலிருந்து வருகிறது. அதை நம் ஆசைக்கு வளைத்தால் நாமும் அதே பருப்பும் நெய்யும்தான் பரிமாறுகிறோம். கேட்க வேண்டியது இது: ஒவ்வோர் எலும்பும், எந்தப் பகுதி, எந்தக் குழி, தழும்பு எங்கே, எத்தனை என்ற விவரத்தோடு தமிழில் வெளிவர வேண்டும். அதை வாசிக்கும் மேசையில், தலைமுறையாகத் தோலுரித்துக் கறி போட்டுவரும் மனிதருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். இழிதொழில் என்று ஒதுக்கிய அந்தக் கையறிவுதான் இந்தப் பிரதிக்கு உரை எழுதத் தகுந்தது.