குதிரைக்குக் காந்தம் இல்லை!

"ஏங்க, செல்போன்லயே செஸ் சும்மா கிடைக்குது. இதுக்குப் போய் ஜெர்மனிலேர்ந்து பார்சலா?"

வீட்டம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் செல்போனில் காயைக் கையால் தூக்கி 'டொக்'கென்று வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்! 1985-ல் ஹாம்பர்க் நகரில் காஸ்பரோவ் ஒரே சமயத்தில் 32 செஸ் கம்ப்யூட்டர்களோடு மோதி, அத்தனையையும் தோற்கடித்தாரே... அந்தக் காலத்துச் சரக்கின் மேல் எனக்கு ஒரு பைத்தியம். அதிலும் மூனிக்கின் 'மெஃபிஸ்டோ'தான் கனவுக்கன்னி. மரப்பலகை. காய்க்கு அடியில் காந்தம். கட்டத்துக்கு அடியில் சின்னக் கண்ணாடிக்குழாய்க்குள் ஒரு சுவிட்ச். காயை நகர்த்தினால் தானே புரிந்துகொண்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டிப் பதில் மூவ் சொல்லும்.

தயாரித்த கம்பெனி 1994-லேயே கைமாறிவிட்டது. இனி செகண்ட் ஹாண்ட்தான் கதி.

இரண்டு பேர் விற்றார்கள். ரிட்டயரான ஒரு ரிப்பேர்க்காரர் 290 யூரோ சொன்னார். பலகை மூலையில் ஒரு கீறல் இருப்பதை நான் கேட்காமலே போட்டோ எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு காயையும் நகர்த்திக் காட்டி வீடியோ வேறு. இன்னொரு ஆசாமி 140 யூரோ. போட்டோவில் பளபளவென்று இருந்தது. வீடியோ கேட்டேன். "நேரமில்லை" என்றார்.

மூனிக்கில் வேலை பார்க்கும் என் காலேஜ் சிநேகிதன் போனில் கத்தினான். "டேய், விளம்பரத்துல 'பாஸ்ட்லருக்கு'ன்னு போட்டிருக்கான். கழட்டி நோண்டுறவனுக்குன்னு அர்த்தம்! பணத்தையும் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி'ன்னு அனுப்பச் சொல்றான். அப்படி அனுப்பினா பொருள் சரியில்லேன்னாலும் பேபால்ல பாதுகாப்பு கிடையாது. இவன் உனக்கு எந்த வழியில மாமா?"

150 யூரோ மிச்சமாச்சே சார்! நான் கேட்கவில்லை. அவனையே கட்ட வைத்தேன்.

பார்சல் வந்தது. சுற்றியிருந்தது வெறும் நியூஸ்பேப்பர். பலகையை ஆட்டினால் உள்ளே 'கலகல' சத்தம். இரண்டு கட்டங்களில் சுவிட்ச் அவுட். அதுகூடப் பரவாயில்லை, வெள்ளைக் குதிரை ஒன்றை எங்கே வைத்தாலும் மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. திருப்பிப் பார்த்தால்... காந்தமே கிடையாது! வேறு ஏதோ செட்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய டூப்ளிகேட். போட்டோவில் குதிரையின் அடிவயிறா தெரியும்?

திருப்பி அனுப்பலாம் என்று கூரியர்காரரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன ரேட்டுக்குப் பேசாமல் குதிரையை விமானத்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து அனுப்பிவிடலாம். ஏற்கெனவே தபால், கஸ்டம்ஸ், இங்கே சுவிட்ச் மாற்றிய மெக்கானிக் கூலி எல்லாம் கூட்டினால் 290-ஐத் தாண்டியாயிற்று. கணக்குச் சீட்டை ஆபீஸ் டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ரிப்பேர்க்காரருக்கு அசடு வழிய ஒரு கடிதம் எழுதினேன். அவருடைய மெஷின் எப்போதோ விற்றுப்போயிருந்தது. ஆனாலும் மனிதர் கோபிக்கவில்லை. "குதிரைக்கு அடியில் ஒரு குட்டிக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார்.

ஒட்டினேன். குதிரை பாய்கிறது!

"ஏங்க, ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த காந்தப் பிள்ளையாரைக் காணோமே... பார்த்தீங்களா?"


"ம்ஹூம்!"