ஆரஞ்சு என்றால் எது?

தேயிலைப் பெட்டிகளின் மேல் 'பி.ஓ.பி.' என்று எழுதியிருப்பதை வணிகப் பெருமக்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். 'புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ' என்பதன் சுருக்கம் அது. பல வருடங்களுக்கு முன், ஒரு சில்லறைக் கடைக்காரர் இதற்குப் பொருள் கேட்டார். நாமும் யோசியாமல், "ஆரஞ்சுப்பழ வாசனை சேர்த்தது" என்று சொல்லிவிட்டோம். அவரும் அதை நம்பி வாடிக்கையாளர்களிடம் அப்படியே சொல்லி விற்றிருக்கிறார். பத்தாம் நாள் பாதிப் பெட்டி திரும்பி வந்தது. வண்டிக் கூலியையும் நாமே ஏற்றோம். ஆனாலும் அவர் ஓராண்டு காலம் நம் கடைப்படி ஏறவில்லை. அதன் பிறகுதான் இந்தச் சொல்லின் பூர்வீகத்தை விசாரிக்கத் தொடங்கினோம்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லே நம் பக்கத்துச் சரக்கு! ஊறுகாய் போடுகிறோமே நாரத்தை, அதற்கு உறவான ஒரு திராவிடச் சொல்தான் வடமொழியில் 'நாரங்க' ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. அது பாரசீகம் போய், அரபியரிடம் 'நாரஞ்ச்' ஆகி, பழத்தோடு சேர்ந்து ஸ்பெயினுக்கும் போனது. பிரெஞ்சுக்காரர் வாயில் முன்னால் இருந்த 'ந' உதிர்ந்துவிட்டது. (நம் கணக்குப்பிள்ளைகள் சிலர் பெயர் எழுதுவதும் இப்படித்தான்.) பழம் முந்தி, நிறம் பிந்தி. 16ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலேயரிடம் இந்த நிறத்துக்குத் தனிப்பெயர் வழக்கில் இல்லை. ராபின் குருவியின் மார்பு ஆரஞ்சு நிறம்தான். அந்தக் காலத்தில் வைத்த 'செம்மார்பு' என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

தென் பிரான்சில் ஆரஞ்சு என்றே ஓர் ஊர் உண்டு. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரௌசியோ. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1544இல் அந்தச் சிற்றரசு வில்லியம் என்ற இளவரசருக்கு வாரிசு உரிமையில் வந்தது. அவர் வழியினரே டச்சு அரச குடும்பம். அதனால்தான் ஹாலந்து விளையாட்டு வீரர்கள் ஆரஞ்சுச் சட்டை போடுகிறார்கள்.

தேயிலைக்கு வருவோம். ஐரோப்பாவுக்கு முதலில் தேயிலை கொண்டு வந்தவர்களில் டச்சுக்காரரும் உண்டு. அரச குடும்பத்தின் பெயரை ஒட்டி 'ஆரஞ்சு' சேர்ந்தது என்பர் சிலர். காய்ந்த இலையின் செம்பு நிறத்தால் என்பர் வேறு சிலர். 'பீக்கோ' சீனச் சொல். கொழுந்தின் மேலுள்ள வெண்ரோமத்தைக் குறிப்பது. மொத்தத்தில் ஆரஞ்சு பீக்கோ என்பது முழு இலையின் தரப்பெயர். உடைந்த இலை என்றால் 'புரோக்கன்'. பழமும் இல்லை, வாசனையும் இல்லை.

அந்தக் கடைக்காரர் பிறகு வந்தபோது இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அன்னைக்கே தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் வேற யார்கிட்டயாவது கேட்டிருப்பேனே" என்றார். அன்று அவருக்கு ஒரு பெட்டி டஸ்ட் தேயிலை மட்டும் பில் போட்டோம்.