சிறுகதையின் அரங்கேற்றம்

கடலூர் மாவட்டத்தில், வடலூருக்கும் விருத்தாசலத்திற்கும் இடையே அமைந்துள்ளது நெய்வேலி. 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார், தம் நிலத்தில் நீர் வேண்டித் துளையிட்டபொழுது, நீரோடு கரிய பொருள் ஒன்று கலந்து வந்தது. அதனை வீண்பொருள் என்று ஒதுக்கிவிடாமல், இஃது யாது என அவர் ஆராய முற்பட்டார். பின்னர் அறிஞர்களின் ஆய்வுகள் பல நடைபெற்றன. 1956ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரிப் படிவத்தை அடைந்ததோ 1961ஆம் ஆண்டில்தான். கண்ட நாளுக்கும் கைக்கொண்ட நாளுக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது.

மண்ணின் அடியில் மட்டுமன்று, மாந்தர் வாழ்க்கையின் அடியிலும் இத்தகைய படிவங்கள் உண்டு. அவற்றைக் கண்டு, வேண்டாத மண்ணை நீக்கி, ஒளி தரும் பொருளாக ஆக்குவதே சிறுகதை ஆசிரியனின் தொழில். அத்தொழிலின் இயல்பையும், எழுதிய கதை உலகோர் முன் சென்று சேரும் வழியையும் அறிந்துகொள்ளுதல் எழுத விரும்பும் இளைஞர்க்குப் பெரிதும் பயன்படும்.

நெய்வேலி நகரியம் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டது. நிழல் மரங்கள் நிறைந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பணிக்கு வந்தோர் அங்குக் குடியேறினர். அந்நகரில் 1998ஆம் ஆண்டு முதற்கொண்டு புத்தகக் கண்காட்சி நடைபெறலாயிற்று. தினமணி நாளிதழும் அக்கண்காட்சியும் இணைந்து சிறுகதைப் போட்டிகள் நடத்தியதுண்டு. சுரங்கத்தில் உழைப்போரின் ஊரில் கதைக்கும் ஓர் அரங்கு அமைந்தமை மகிழத்தக்கது.

அந்நகரில் பயிலும் மாணவன் ஒருவன் கதை எழுத ஆசை கொண்டான் என வைத்துக்கொள்வோம். அவன் தான் ஒருநாளும் காணாத இலண்டன் மாநகரில் ஒரு கொலை நடந்ததாகவும், துப்பறிவோர் ஒருவர் அதனைக் கண்டுபிடித்ததாகவும் எழுதி, இதழ் ஒன்றிற்கு அனுப்புகின்றான். ஒரு திங்கள் கழித்து, வெளியிட இயலாமைக்கு வருந்துவதாக ஒருவரி விடை வருகின்றது. அவன் உள்ளம் சோர்கின்றது. 'எனக்கு எழுத வாராது' என்று முடிவு கட்டித் தாளைக் கிழித்தெறிய முற்படுகின்றான். அவன் செய்யத்தக்கது அதுவோ?

அவன் வீட்டிலேயே ஒரு கதை இருக்கின்றது. சுரங்கத்தின்பொருட்டுப் பல சிற்றூர்களின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அத்தகைய சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் அவன் பாட்டி. ஊர் எங்கே என்று எவரேனும் வினவினால், இன்றும் அவள் அந்தப் பழைய ஊரின் பெயரையே கூறுகின்றாள். அவ்வூர் இருந்த இடத்தில் இப்பொழுது ஆழ்ந்த பள்ளமே உள்ளது. அவள் மகனோ அதே சுரங்கத்தில் இரவுப்பணி பார்த்து வீடு திரும்புகின்றான். நிலத்தை இழந்ததும் அச்சுரங்கத்தால். அடுப்பு எரிவதும் அச்சுரங்கத்தால். தாய்க்கும் மகனுக்கும் இடையே பேசப்படாமல் கிடக்கும் அந்த ஒன்றை மாணவன் கண்டுகொள்வானாயின், இலண்டன் மாநகருக்குச் செல்ல வேண்டிய தேவை அவனுக்கு இராது.

தாம் அறிந்த வாழ்க்கையை எழுதிப் பெருமை பெற்றோரை அவன் தன் மாவட்டத்திலேயே காணலாம். புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டில் கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அவருடைய இயற்பெயர் விருத்தாசலம் என்பது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே எழுதினார். அதற்குள் நூறளவான கதைகளைப் படைத்துத் தமிழ்ச் சிறுகதைக்குப் புதிய வலிமை ஊட்டினார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934ஆம் ஆண்டில் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்பிற்குமேல் பள்ளியில் பயிலவில்லை. இளமையிலேயே சென்னை சென்று, கட்சி அலுவலகத்திலும் அச்சகத்திலும் பணிபுரிந்து, உழைப்பாளர் வாழ்வை அருகிருந்து கண்டார். அவர் கண்டவை கதைகளாயின. 2002ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அவரைத் தேடி வந்தது. விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்தவரும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவருமான இமையம், அப்பகுதி மக்களின் வாழ்வையும் பேச்சையும் கதைகளாக்கி, 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருதினைப் பெற்றார்.

கதைக்குரிய பொருள் கிடைத்துவிட்டால் மட்டும் கதை ஆகிவிடாது. நெய்வேலியில் வாளிகள் கோத்த பெருஞ்சக்கரங்களைக் கொண்ட இயந்திரங்கள், ஒரு பங்கு நிலக்கரிக்காகப் பல பங்கு மண்ணை அகழ்ந்து அப்புறப்படுத்துகின்றன. அவ்வாறே எழுத்தாளனும் வேண்டாதவற்றை அகற்றுதல் வேண்டும். இவ்வகையில் நன்னூல் அவனுக்கு நல்ல துணையாகும். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என அந்நூலாசிரியர் வகுத்துள்ளார். அவை இலக்கண நூலுக்கே உரியவை என்று கருதுதல் வேண்டா; சிறுகதைக்கும் நன்கு பொருந்தும்.

பாட்டியின் துயரைக் கூறவந்தவன் பக்கம் முழுதும் கண்ணீரை வடிப்பானாயின் அது மிகைபடக் கூறல். ஒருமுறை காட்டியதையே மும்முறை காட்டுதல் கூறியது கூறல். பாட்டியின் கதையிடையே மின்சாரம் உண்டாகும் முறையை இரண்டு பக்கம் விளக்குதல் மற்றொன்று விரித்தல். தொடக்கத்தில் விறுவிறுப்பாகச் சென்று, முடிக்கத் தெரியாமல் மெலிந்து போதல் சென்று தேய்ந்து இறுதல். எழுதி முடித்ததைச் சில நாள் எடுத்துவைத்து, பின் அயலார் எழுத்தைப் படிப்பதுபோல் படித்துப் பார்த்தால் இக்குற்றங்கள் தாமே புலனாகும்.

திருத்திய கதை பின்னர் அரங்கேற வேண்டும். முற்காலத்தில் நூல் செய்தவர் அதனைக் கற்றோர் அவையில் படித்துக் காட்டி, அவர்தம் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே நூல் உலகில் பரவும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறும். அவ்வாசான் குற்றங்கள் பல கூறி வினவியதாகவும், தொல்காப்பியர் அனைத்திற்கும் விடை இறுத்ததாகவும் நச்சினார்க்கினியர் ஒரு செய்தியைத் தம் உரையில் குறிப்பர். தொல்காப்பியர்க்கே இத்தகைய சோதனை உண்டாயின், முதற்கதை எழுதிய மாணவன் சோதனைக்கு நாணுதல் எற்றுக்கு?

இக்காலத்தில் அந்த அவையின் இடத்தில் இருப்பவர் இதழாசிரியர். அவர் கதையைத் திருப்புவதற்குக் காரணங்கள் பலவாம். கதை குறையுடையதாக இருக்கலாம். நல்ல கதையாயினும் அவ்விதழின் போக்கிற்கு ஒவ்வாததாக இருக்கலாம். ஒதுக்கிய பக்கங்களுக்குள் அடங்காததாக இருக்கலாம். அதே பொருள் பற்றிய வேறு கதை முன்னரே ஏற்கப்பட்டிருக்கலாம். ஆகவே ஓர் இதழின் மறுப்பு ஓர் எழுத்தாளனைப் பற்றிய முடிந்த தீர்ப்பு ஆகாது. அஃது ஒரு வினா. அதற்குத் திருத்தமே விடை; சில வேளைகளில் மற்றோர் இதழே விடை.

கதையை அனுப்புவோன் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. அனுப்பக் கருதும் இதழின் சில வெளியீடுகளை முதலில் படித்தல் வேண்டும். முன்னாளில் தாளின் ஒருபுறம் மட்டும், ஓரத்தில் இடம் விட்டு, தெளிவாக எழுதி, படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அனுப்புவர்; திருப்பி அனுப்புதற்கு அஞ்சல்தலை ஒட்டிய உறையும் உடன் வைப்பர். இக்காலத்தில் கணினியில் அச்சிட்டு மின்னஞ்சல் வழியே அனுப்புதல் பெருவழக்காகிவிட்டது. வழி மாறினும் நெறி மாறவில்லை. பிழையின்றி எழுதுதல், கூறிய சொல்லளவைக் கடவாமை, ஒரே கதையை ஒரே காலத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாமை, பிறர் கதையைத் தன்னதாகக் காட்டாமை ஆகிய நான்கும் என்றும் வேண்டப்படுவன. அனுப்பிய பின் விடையை எதிர்நோக்கி வாளாவிருத்தல் கூடாது. அடுத்த கதையைத் தொடங்குதல் வேண்டும்.

எழுத்தால் செல்வம் சேரும் என்று எண்ணுவோன் ஏமாற்றமடைதல் கூடும். 1933ஆம் ஆண்டில் தோன்றிய மணிக்கொடி இதழ், 1935 முதல் பி. எஸ். ராமையாவின் ஆசிரியப் பொறுப்பில் சிறுகதைகளுக்கே சிறப்பிடம் தந்தது. ஆயினும் பொருள்வளம் இன்மையால் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. அதில் எழுதிப் புகழ்பெற்ற புதுமைப்பித்தன், காசநோயால் தம் 42ஆம் வயதில், 1948இல், வறுமையிலேயே மறைந்தார். 2002ஆம் ஆண்டில் தமிழக அரசு அவர்தம் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. இன்று அவை பல பதிப்புகளாக வெளிவருகின்றன. அவர் பெறாத பயனை அவர்தம் வாசகர் பெறுகின்றனர். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்னும் இதழைத் தம் பொருளைக்கொண்டே தொடங்கினார். நூல்களையும் தாமே வெளியிட்டு, அவற்றைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். எழுத்தை ஒரு கடமையாகக் கொண்டோர் இவ்வாறு உழைத்தனர். ஆகவே வயிற்றுப்பாட்டிற்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, எழுத்தை விடாது போற்றுதலே இளைஞர்க்கு ஏற்ற வழி.

இனி, அம்மாணவன் தாளைக் கிழிக்கவில்லை எனக் கொள்வோம். அவன் பாட்டியின் அருகில் அமர்கின்றான். பழைய ஊரின் குளம் எங்கிருந்தது, கோயில் எத்திசை நோக்கியது, ஊரை விட்டு நீங்கிய நாளில் அவள் எதனை எடுத்துவந்தாள் என ஒவ்வொன்றாகக் கேட்கின்றான். தன் ஊரைப் பற்றி வீட்டிலுள்ளோர் ஒருவரும் வினவியதில்லை என்று கூறி, அவள் நெடுநேரம் பேசுகின்றாள். அவன் எழுதுகின்றான், நீக்குகின்றான், மீண்டும் எழுதுகின்றான். அக்கதையும் இதழிலிருந்து திரும்பி வரக்கூடும். ஆயின், நில வரைபடத்தில் இல்லாத ஓர் ஊர் அவன் தாளில் இடம்பெற்றுவிட்டது. அவன் எழுதாவிடில் அவ்வூர் பாட்டியோடு மறைந்துபோகும். ஆதலின் அவன் அக்கதையைத் திருத்தி மறுபடியும் அனுப்புதலே முறையாகும்.