நேர்மையானவர் சொல்வதெல்லாம் சரியானதா?

"என் கண்ணால் கண்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது எமது வழக்கம். சொன்னவர் பொய் பேசாதவர் என்று பெயரெடுத்தவரானால் கேட்கவே வேண்டாம். உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' பாடத்தைக் கற்கத் தொடங்கிய பிறகு இந்த வழக்கத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கிறேன். ஒருவர் பொய் சொல்லவில்லை என்பதும், அவர் சொல்வது சரி என்பதும் ஒன்றுதானா?

இக்கேள்வி மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091ஆம் ஆண்டு பக்தாதின் நிழாமிய்யா கலாபீடத்துக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டவர். புகழின் உச்சியில் இருந்தபோதே, 1095இல் அப்பதவியை விட்டு வெளியேறினார். தமது அறிவுத் தேடலைப் பிற்காலத்தில் 'அல்முன்கித் மினள் ளலால்' என்ற நூலில் விவரித்தார். ஐயத்துக்கு இடமே இல்லாத அறிவு எது என்று தேடிய அவர், முதலில் புலன்களைச் சோதித்துப் பார்க்கிறார். நிழலைப் பார்த்தால் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசளவில் தெரிகிறது. கணிதமோ அது பூமியை விடப் பெரியது என்று நிறுவுகிறது. கண்ணுக்கு எம்மை ஏமாற்றும் நோக்கம் ஏதும் இல்லை. அதற்குள்ள ஆற்றல் அவ்வளவுதான்.

கண்ணின் நிலை இதுவென்றால், கண்டதைச் சேமித்து வைக்கும் நினைவின் நிலை என்ன? 1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 150 மாணவர்களுக்கு ஒரு வாகன விபத்துப் படம் காட்டப்பட்டது. பின்னர் 50 பேரிடம், வாகனங்கள் ஒன்றோடொன்று 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம் 'இடித்துக்கொண்டபோது' என்ற சொல்லை வைத்துக் கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், "உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்று கேட்கப்பட்டது. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆனால் 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். இரண்டாம் குழுவில் 7 பேரும், மூன்றாம் குழுவில் 6 பேரும் அப்படிச் சொன்னார்கள். கேள்வியிலிருந்த ஒரு சொல், இல்லாத கண்ணாடியைப் பலரது நினைவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது.

சாதாரண விடயங்கள் மறக்கலாம், மனதை உலுக்கிய சம்பவங்கள் மறக்குமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் உம்மாவுக்கும் சாச்சிக்கும் இதில் ஒரு தீராத வழக்கு உண்டு. உம்மும்மா மௌத்தான இரவு அடைமழை என்பார் உம்மா. நிலவு பட்டப்பகலாய்க் காய்ந்தது என்பார் சாச்சி. இருவரும் சத்தியம் செய்யவும் தயார்; இருவருமே பொய் பேசாதவர்கள். 1986 ஜனவரி 28ஆம் திகதி சலெஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது உளவியலாளர் உல்ரிக் நைசர் இதையே ஆராய்ந்தார். அச்செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படி அறிந்தீர்கள் என்று மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டுகளின் பின் அவர்களில் 44 பேர் மீண்டும் எழுதினார்கள். 11 பேர் எழுதியவற்றில் முக்கிய விபரம் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. அப்படியிருந்தும் தமது நினைவு சரியென்றே பலர் உறுதியாக நம்பினார்கள். உறுதி என்பது மனதின் ஒரு நிலை மாத்திரமே. அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

எமது ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை நுட்பமாக விளங்கியிருந்தார்கள். ஓர் அறிவிப்பாளரிடம் அவர்கள் இரண்டு தகைமைகளைத் தனித்தனியே தேடினார்கள். ஒன்று 'அதாலத்' எனும் நேர்மை. மற்றையது 'ளப்த்' எனும் துல்லியம். நேர்மை இருந்தும் துல்லியம் இல்லையென்றால் அவரது அறிவிப்பு பலவீனமானதாகக் கணிக்கப்பட்டது. கூபாவைச் சேர்ந்த அதாஉ இப்னுஸ் ஸாஇப் என்பவரின் நினைவாற்றல் முதுமையில் குன்றியது. எனவே, அதற்கு முன்னர் அவரிடம் கேட்டவர்கள் யார், பின்னர் கேட்டவர்கள் யார் என்று அறிஞர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அதில் அவரை இழிவுபடுத்தும் நோக்கம் இருக்கவில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைக்கும்படி பணிப்பதும் இங்கு சிந்திக்கத்தக்கது. நல்ல மனிதர்களும் மறப்பார்கள்.

அப்படியானால் உண்மை என்று ஒன்று இல்லையா? ஆளுக்கோர் உண்மையா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இரவில் எங்கள் முற்றத்தில் ஒன்றில் மழை பெய்திருக்க வேண்டும், அல்லது பெய்யாதிருக்க வேண்டும். உண்மை ஒன்றுதான், அதில் ஆளாளுக்கு எட்டியது வேறு. எல்லாமே அவரவர் பார்வை என்று விட்டுவிட்டால் பொய்யனுக்குத்தான் கொண்டாட்டம். இமாம் கஸ்ஸாலியும் ஐயத்திலேயே தங்கிவிடவில்லை. அதைக் கடந்து வந்தார்.

தோழியரே, இது ஏட்டுக் கல்வியோடு முடியும் விடயமன்று. வகுப்பில் ஒருத்தியின் பணப்பை காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "அவள்தான் எடுத்தாள், நான் கண்டேன்" என்கிறாள் ஒரு மாணவி. நிதானமாக விசாரித்தால் அவள் கண்டது, மற்றவள் அந்தப் பைக்கருகில் நின்றதை மட்டும்தான். எடுத்தாள் என்பது மனம் சேர்த்த முடிவு. கண்டதற்கும் சேர்த்ததற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில் ஒரு பிள்ளையின் மானம் போய்விடுகிறது. பணப்பை பிறகு கிடைத்தாலும் 'கள்ளி' என்ற பெயர் இலேசில் போகாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சண்டையிட்டு அழுதுகொண்டு வந்தால், "அவன் உன்னை எதனால் அடித்தான்?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, மற்றவர் சொன்னதைச் சொல்லாமல் கேளுங்கள்.

எமது பங்குக்கு நாமும் மூன்று வசனங்களைப் பழகிக்கொள்ளலாம்: "நான் கண்டது இவ்வளவுதான்." "இது நான் கேள்விப்பட்டது." "இது என்னுடைய ஊகம்." இவற்றைச் சொல்வதால் எவருடைய மதிப்பும் குறையாது. இப்படிப் பிரித்துச் சொல்பவளின் வார்த்தையை நம்பி, நாளை ஒரு பிள்ளை பழியிலிருந்து தப்பக்கூடும்.