கைமாறும் மெட்டுகள்

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைநாட்டிலே பழைய நடன மெட்டுகள் பெரும்பாலும் கேள்வி வழியாகவே வாழ்ந்து வந்தன. பிடிலுக்கென அமைந்த அம்மெட்டுகளைப் பிற கருவிகளில் வாசிக்க இயலுமோ? இயலும். மாண்டலினுக்கும் பிடிலுக்கும் சுருதி கூட்டும் முறை ஒன்றே. ஆதலின் இடக்கை விரல்கள் பழகிய வரிசையிலேயே செல்லும். ஆயின் வில் எழுப்பும் நீண்ட ஒலி, மீட்டிய தந்தியில் விரைவில் அடங்கிவிடும். அதனை ஈடுசெய்யவே ஒரே சுரத்தை விரைந்து பன்முறை மீட்டுகின்றனர். கற்பவர் முதலில் மெட்டின் உருவத்தைச் செவியிற் பதித்தல் வேண்டும். கருவிக்கேற்ற அலங்காரங்கள் பின்னர் வரலாம்.

வர்ஜீனியாவில் வாழ்ந்த முதியவர் ஹென்றி ரீட் வாசித்த மெட்டுகளை, அலன் ஜபூர் என்னும் இளைஞர் 1966, 1967ஆம் ஆண்டுகளில் ஒலிப்பதிவு செய்தார். தாமும் கற்று, மாண்டலினும் பாஞ்சோவும் வாசித்த நண்பர்களோடு பகிர்ந்துகொண்டார். ரீட் 1968இல் மறைந்தார். அவருடைய மெட்டுகளோ இன்றும் பல கருவிகளில் ஒலிக்கின்றன.